டீச்சரின் முன்சக்கரம்

நான் சைக்கிள் கட்டுகிறவன். மந்தைவெளியில் ஒரு சந்துக்குள், பழைய வீடொன்றின் கார் ஷெட்டில் என் பட்டறை இருக்கிறது. மலைப்பாதையில் ஓட்டுகிற சைக்கிள்களை, கேட்கிறவரின் உயரம், எடை, ஓட்டும் விதம் எல்லாம் பார்த்துப் பாகம் பாகமாகச் சேர்த்துக் கொடுக்கிறேன். சக்கரங்களை மட்டும் முதலிலிருந்து கடைசிவரை கையாலேயே கட்டுவேன். தரமணியில் பதினோரு வருஷம் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்துவிட்டு, அதை விட்டு வந்து கற்றுக்கொண்ட வேலை இது. அதனால் எனக்கு இதில் ஒரு கர்வம் இருந்தது. அந்தக் கர்வத்தால் ஒருவருக்குக் கை உடைந்தது.

அவர் அடையாறில் ஒரு பள்ளியில் பிசிக்ஸ் டீச்சர். அப்போது ஐம்பத்திரண்டு வயது. சாந்தோமில் சர்ச்சுக்குப் பின்பக்கத் தெருவில், நர்சாக இருந்து ரிட்டையரான தன் அக்காவோடு குடியிருந்தார். இருவரும் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. இருபத்தைந்து வருஷமாக அவர் பள்ளிக்குப் போய் வந்தது ஒரு லேடீஸ் சைக்கிளில்தான். ஐம்பது வயதுக்கு மேல், கூட வேலை பார்க்கும் ஒருவர் சொல்லி, ஞாயிற்றுக்கிழமை காலையில் ஈ.சி.ஆர். பக்கம் சவுக்குத் தோப்புகளுக்குள் மண்பாதையில் சைக்கிள் ஓட்டும் ஒரு குழுவில் சேர்ந்தார். இரவல் சைக்கிளில், சீட்டை அடியோடு இறக்கிவிட்டு, கால் எட்டியும் எட்டாமலும் ஓட்டியிருக்கிறார். அப்படியும் மணலில் சறுக்காமல் அவர் திரும்புவதைப் பார்த்துவிட்டு, குழுவில் எல்லோரும் அண்ணாச்சி என்று கூப்பிடும் ஒருவர்தான் அவரை என்னிடம் அழைத்து வந்தார். அண்ணாச்சிக்குத் தி.நகரில் ஜவுளிக்கடை. திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து அவர் அப்பா காலத்தில் வந்த குடும்பம். நல்ல பெரிய உடம்பு, அதைவிடப் பெரிய குரல்.

டீச்சர் நாலடி பத்து அங்குலம். முதல் நாள் என் ஸ்டூலில் உட்கார்ந்து அவர் சொன்னது இது:

"கடைக்குப் போனா சின்னப் பசங்க சைக்கிளக் காட்டறாங்க தம்பி. பெரிசு எடுத்தா கால் எட்டல. எனக்குன்னு ஒண்ணு கட்ட முடியுமா?"

அன்றைக்கே அவர் கால் நீளம், கை நீளம், பிரேக்கைப் பிடிக்க விரல் எவ்வளவு நீட்ட வேண்டும் என்பதுவரை அளந்து எழுதிக்கொண்டேன். அந்த மாதிரி வேலை எனக்கு ரொம்பப் பிடிக்கும். இருப்பதிலேயே சின்ன ஃபிரேம், குட்டையான பெடல் கை, அவருடைய எடைக்குத் தகுந்த மாதிரி காற்றைக் குறைத்து அமுங்க வைத்த, குலுக்கலைத் தாங்கும் முன் ஃபோர்க். ஒவ்வொரு பாகம் வரும்போதும் ஸ்கூல் விட்டு வரும் வழியில் எட்டிப் பார்ப்பார். கேள்வி கேட்பார். எனக்குத் தெரியாததை அவரே யோசித்துச் சொல்வார். ஒரு சக்கரத்தில் கம்பிகள் எடையைத் தாங்குவது கீழே முட்டுக்கொடுத்தா, மேலேயிருந்து தொங்கியா என்று ஒருநாள் முக்கால் மணி நேரம் பேசிக்கொண்டிருந்தோம்.

மே மாதம் அந்தக் குழு கோத்தகிரிக்குப் போவதாக இருந்தது. தேயிலைத் தோட்டங்களுக்கு நடுவே இறங்கும் மண்பாதைகளில் மூன்று நாள். அதற்குள் டீச்சரின் சைக்கிளை முடித்துவிட வேண்டும் என்று நான் மனதில் வைத்துக்கொண்டேன். அண்ணாச்சியும் அதே சமயத்தில் தன் பழைய சைக்கிளுக்குப் புதிதாக ஒரு முன்சக்கரம் கேட்டிருந்தார்.

இங்கே கொஞ்சம் தொழில் விஷயம் சொல்லியாக வேண்டும். சைக்கிள் சக்கரத்தில் ஒவ்வொரு கம்பியின் ஒரு முனையும் நடுவில் இருக்கும் ஹப்பில் மாட்டும். மறுமுனையில் மரை இருக்கும். அந்த மரை, ரிம்மின் ஓட்டை வழியாக வரும் நிப்பிள் என்ற சின்னத் திருகுக்குள் ஏறும். கம்பி அந்த நிப்பிளின் தலைவரைக்கும் ஏறி நிற்க வேண்டும். நீளம் குறைந்து பாதியில் நின்றுவிட்டால், பார்வைக்குச் சக்கரம் சரியாகத்தான் இருக்கும், கோட்டம் இல்லாமல் சுற்றும். ஆனால் இழுவை முழுக்க நிப்பிளின் மெல்லிய கழுத்தில் விழும். ஒரு நல்ல அடி விழுந்தால் கழுத்து அறுந்துவிடும்.

முன்சக்கரங்களுக்கு நான் சொல்லிவைத்திருந்த ரிம் வரவில்லை. அதற்குப் பதிலாக வேறு ஒன்று வந்தது. அளவு ஒன்றுதான், ஆனால் உட்புறம் ஆழம் குறைவு. அதற்குக் கம்பி இரண்டு, இரண்டரை மில்லிமீட்டர் நீளமாக வேண்டும். என்னிடம் இருந்தது அந்த வராத ரிம்முக்கென்று முன்பே வாங்கிய கம்பி. புதுக் கம்பி வர இரண்டு வாரம் ஆகும். குழு கிளம்ப ஆறு நாள்தான் இருந்தது.

இருந்த கம்பியை வைத்தே கட்டினேன். டீச்சருக்கு ஒன்று, அண்ணாச்சிக்கு ஒன்று. டீச்சரின் பின்சக்கரத்தை அதற்கு முன்பே சரியான கம்பியில் முடித்திருந்தேன். முடித்ததும் ரிம்மின் ஓட்டைகளுக்குள் டார்ச் அடித்துப் பார்த்தேன். ஒவ்வொரு நிப்பிளுக்குள்ளும் கம்பி மேலே வராமல், உள்ளே ஒரு குழி தெரிந்தது. பார்த்துவிட்டு டார்ச்சை அணைத்தேன். ரிம் மேல் டேப்பை ஒட்டி, டயரை மாட்டினேன். என் பட்டறையிலிருந்து அப்படி ஒரு சக்கரம் அதற்கு முன் போனதில்லை. வேறு யாராவது கட்டி என்னிடம் கொண்டுவந்திருந்தால், கட்டினவனை வாய்க்கு வந்தபடி திட்டியிருப்பேன்.

அன்று மத்தியானம் டீச்சர் போன் செய்தார். ஸ்டாஃப் ரூமிலிருந்து பேசுகிறார் போல, பின்னால் சத்தம்.

"அவசரம் இல்ல தம்பி. வேல முடியலன்னா விடுங்க. நான் குவார்ட்டர்லி லீவுல போய்க்கறேன். அப்ப கூட்டமும் இருக்காது."

"இல்ல டீச்சர், ரெடி ஆயிடுச்சு. நாளைக்கு வந்து எடுத்துக்கோங்க," என்றேன்.

ஏன் அப்படிச் சொன்னேன் என்று எத்தனையோ முறை என்னையே கேட்டிருக்கிறேன். அவருக்காக அவசரப்பட்டேன் என்று கொஞ்ச நாள் சொல்லிக்கொண்டேன். அது பொய். அவர்தான் வேண்டாம் என்று வழிவிட்டாரே. அந்தக் குழுவோடு பெங்களூரிலிருந்தும் கோவையிலிருந்தும் ஆட்கள் வருவதாக இருந்தது. நன்றாக ஓட்டுகிறவர்கள், சைக்கிளைப் பற்றித் தெரிந்தவர்கள். அவர்கள் டீச்சரின் குட்டிச் சைக்கிளைச் சுற்றி நின்று, இதை யார் கட்டினது என்று கேட்க வேண்டும். அதுதான் எனக்கு வேண்டியிருந்தது.

மறுநாள் சந்தில் ஒரு சுற்று ஓட்டிப் பார்த்துவிட்டு வந்து இறங்கியபோது அவர் முகத்தை நான் பார்த்தேன். "இவ்ளோ வருஷம் நான் ஓட்டினது என்னமோ வேற," என்றார். அப்போதுகூடச் சொல்லியிருக்கலாம். சங்கிலிக்கு எண்ணெய் எப்போது போட வேண்டும் என்று சொல்லி அனுப்பினேன்.

இரண்டாம் நாள் காலையிலேயே அது நடந்துவிட்டது. எனக்குத் தெரிந்தது நாலாம் நாள், குழுவின் சைக்கிள்களை ஏற்றிக்கொண்டு வந்த வேன் டிரைவர் சொல்லித்தான். சைதாப்பேட்டைக்காரர். டீச்சரின் சைக்கிளை ஷெட்டின் சுவரில் சாத்திவிட்டு, முன்சக்கரத்தைத் தனியாக எடுத்துத் தரையில் போட்டார். அது சக்கரமாகவே இல்லை. எட்டு மாதிரி முறுக்கிக்கொண்டு கிடந்தது.

"இன்னா சார், இப்டி பூட்ச்சி," என்றார். "அந்தம்மா நல்லா ஸ்பீடா எறங்கிக்கினு இருந்துச்சாம். வளைவுல ஒரு கல்லு. வீலு மடிஞ்சி தூக்கி அட்ச்சிருச்சி. கையி ரெண்டு எடத்துல புட்டுக்கிச்சி. ஆப்ரேசன் பண்ணி இட்டாந்துகிறாங்க. அவங்களே சொல்லிக்கினு கீறாங்க, என் மிஸ்டேக்கு, பிரேக்கு லேட்டா புட்ச்சிட்டேன்னு."

அண்ணாச்சிக்கு ஒன்றும் ஆகவில்லையா என்று கேட்டேன். அவர் செங்குத்தான இறக்கங்களில் எல்லாம் இறங்கித் தள்ளிக்கொண்டே வந்தாராம், மற்றவர்கள் கேலி செய்தார்களாம். டிரைவர் சிரித்தார். நானும் சிரிக்க முயன்றேன்.

"கல்லுல பட்டா எந்த வீலும் தாங்காது இல்ல சார்?" என்றார் அவர்.

நான் தலையை ஆட்டினேன். நான் சொன்ன பொய் அந்தத் தலையாட்டல்தான். பிறகு நாலு மாதத்துக்கு, அவர் விழுந்ததைப் பற்றி வேறு பொய்யே தேவைப்படவில்லை.

அவர் போனதும் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, சக்கரத்தை மேஜைமேல் வைத்துப் பார்த்தேன். ஒரு பக்கத்தில் பதினோரு நிப்பிள்களுக்குத் தலை இல்லை. எல்லாம் கழுத்தில் ஒரே மாதிரி அறுந்திருந்தன. வளைவில் கல் இருந்தது உண்மையாக இருக்கலாம். ஆனால் அந்தக் கல்லுக்குச் சரியாகக் கட்டிய சக்கரம் கொஞ்சம் கோணியிருக்கும், அவ்வளவுதான். அவர் அதைத் தாண்டிப் போயிருப்பார்.

கட்டரை எடுத்து முப்பத்திரண்டு கம்பிகளையும் வெட்டினேன். நிப்பிள்களை ஒன்றுவிடாமல் பொறுக்கி, கம்பித் துண்டுகளோடு ஒரு சாக்குப்பையில் போட்டுக் காயலான் கடையில் கொடுத்துவிட்டு வந்தேன். திரும்பி நடக்கும்போது மந்தைவெளி மார்க்கெட்டில் தக்காளி வாங்கினேன். வீட்டில் மனைவி, ஏன் முகம் ஒரு மாதிரி இருக்கிறது என்று கேட்டாள். டீச்சர் விழுந்துவிட்டார் என்றேன். "ஐயோ பாவம்" என்றாள். எப்படி விழுந்தார் என்று அவள் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

அதற்கப்புறம்தான் அண்ணாச்சியின் சக்கரம் நினைவுக்கு வந்தது. தொண்ணூற்றைந்து கிலோ ஆள். மறுநாள் காலையிலேயே தி.நகருக்குப் போய், அவர் கடை வாசலில் காத்திருந்து, புதுச் சக்கரம் மலையில் ஓடியபின் ஒருமுறை கோட்டம் எடுத்துக் கொடுப்பது என் வழக்கம் என்று சொல்லி அதை வாங்கி வந்தேன். சரியான கம்பி வந்ததும் முழுக்கப் பிரித்துக் கட்டித் திருப்பிக் கொடுத்தேன். அவருக்கு ஒரே சந்தோஷம். கேட்காமலே தேடி வந்து செய்துகொடுக்கிற ஆள் இந்த ஊரில் உண்டா என்று குழுவின் வாட்ஸ்ஆப்பில் எழுதினார். கீழே கைதட்டலாக வந்து விழுந்தது. டீச்சரும், ஒரு கையால் தட்டச்சுச் செய்திருக்க வேண்டும், "மிக நல்ல மனிதர்" என்று போட்டிருந்தார்.

அதைப் பார்த்த பிறகு அவரைப் போய்ப் பார்க்காமல் இருக்க முடியவில்லை. சாத்துக்குடி வாங்கிக்கொண்டு சாந்தோமுக்குப் போனேன். முன்னறையில் தலையணையின் மேல் வலது கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். விரல்கள் வீங்கியிருந்தன. மணிக்கட்டில் பிளேட் வைத்திருப்பதாகவும், எவ்வளவு தூரம் மடங்கும் என்று இப்போது சொல்ல முடியாது என்றும் அக்கா சொன்னார். அக்கா நல்ல உயரம். வெள்ளைப் புடவை. தங்கையைத் திட்டிக்கொண்டே எனக்கு டீ போட்டுக் கொடுத்தார். இந்த வயதில் மலையிலிருந்து சைக்கிளில் இறங்குகிற பொம்பளை யாராவது உண்டா என்று என்னிடமே கேட்டார்.

டீச்சர் என்னைப் பார்த்து, "நீங்க அவ்ளோ பாத்துப் பாத்துக் கட்டினீங்க. ஒரே நாள்ல ஒடச்சிட்டேன். மன்னிச்சிக்கோங்க தம்பி," என்றார்.

டீ கையில் இருந்தது. "அதெல்லாம் ஒண்ணும் இல்ல டீச்சர்," என்று சொல்லி அதைக் குடித்து முடித்தேன்.

ஜூனில் பள்ளி திறந்ததும் அவர் வேலைக்குப் போனார், பஸ்ஸில். இடது கையால் போர்டில் எழுதப் பழகிக்கொண்டிருப்பதாகக் கேள்விப்பட்டேன். எழுத்து கோணல்மாணலாக வருகிறதாம், பின் பெஞ்சில் பிள்ளைகள் சிரிக்கிறார்களாம், அவரும் சேர்ந்து சிரிக்கிறாராம். அவர் சைக்கிளுக்கு நான் புதுச் சக்கரம் கட்டினேன். சரியான ரிம், சரியான கம்பி, பித்தளை நிப்பிள். என் கையால் அதற்கு முன்னும் பின்னும் அவ்வளவு நல்ல சக்கரம் கட்டியதில்லை. கொண்டுபோய் அவர் வீட்டு நடையில் நிறுத்தினேன். அவர் வேறு சக்கரம் எதுவும் கேட்கவேயில்லை. நானாகச் செய்தேன், அதற்கும் நன்றி சொன்னார்.

ஜூலையில் ஒருமுறை போனபோது சைக்கிள்மேல் பழைய பெட்ஷீட் போர்த்தியிருந்தது. ஆகஸ்டில் அவரே கூப்பிட்டார்.

"அத யாருக்காவது குடுத்துருங்க தம்பி. அக்காவுக்குப் பாக்கறப்ப எல்லாம் படபடன்னு வருது. எனக்கும் இனிமே தைரியம் இல்ல. நான் நல்லா ஓட்டறேன்னு நானா நெனச்சிக்கிட்டேன். ஓட்டத் தெரிஞ்சவங்க கைக்குப் போகட்டும்."

நன்றாக ஓட்டத் தெரிந்தவர் அவர்தான். அந்தக் குழுவிலேயே அவருக்குத்தான் தெரியும். நான் அதைச் சொல்லவில்லை. சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்து ஷெட்டில் நிறுத்தினேன்.

செப்டம்பரில் அதைப் பார்க்க ஒரு பெண் வந்தாள். தரமணியில் வேலை, டீச்சரைவிடக் கொஞ்சம்தான் உயரம். ஓட்டிப் பார்த்ததும் அவளுக்கு விட மனமில்லை. இவ்வளவு புதிதாக இருக்கிறதே, ஏன் கொடுக்கிறார்கள் என்று கேட்டாள்.

"ஒரு டீச்சர் வெச்சிருந்தாங்க. இறக்கத்துல ஓட்டத் தெரியல, விழுந்துட்டாங்க," என்றேன்.

வெகு சாதாரணமாக வாயில் வந்தது. அதுவரை மற்றவர்கள் சொன்னபோது தலையை ஆட்டியிருந்தேன், பேசாமல் இருந்திருந்தேன். இப்போது நானே சொல்லிவிட்டேன். இன்னும் நாலு பேர் கேட்டால் நாலு பேரிடமும் இதையேதான் சொல்வேன் என்று தெரிந்தது. அந்தப் பெண் ஹேண்டில்பாரைப் பிடித்தபடி ஏதோ கேட்டுக்கொண்டிருந்தாள். இது கொடுக்கிறதற்கு இல்லை, மன்னிக்க வேண்டும், தப்பாகச் சொல்லிவிட்டேன் என்றேன். அவள் கோபமாகத்தான் போனாள்.

அடுத்த நாள் சனிக்கிழமை. மூன்று மணி வெயிலில் சாந்தோமுக்குப் போனேன். டீச்சர் முன்னறையில் டெஸ்ட் பேப்பர் திருத்திக்கொண்டிருந்தார், வலது கையால்தான். பேனாவைப் பிடிக்க வந்துவிட்டது, ஆனால் மணிக்கட்டு நேராக வராமல் கை ஒரு பக்கமாகச் சாய்ந்தே நகர்ந்தது. அக்கா பக்கத்தில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். நான் உட்காராமல் நின்றபடியே சொன்னேன். ரிம் மாறியது, கம்பி குறைந்தது, டார்ச் அடித்துப் பார்த்தது, சக்கரத்தை வெட்டிக் காயலான் கடையில் போட்டது, அண்ணாச்சியின் சக்கரத்தைத் தந்திரமாக வாங்கி வந்தது, முந்தின நாள் அந்தப் பெண்ணிடம் சொன்னது. எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னேன். போகும் வழியில் மனதுக்குள் சொல்லிப் பார்த்திருந்ததால் தடங்கலில்லாமல் வந்தது. அது எனக்கே அசிங்கமாக இருந்தது.

டீச்சர் பேனாவை மூடி வைத்தார்.

"எவ்ளோ குறைச்சல்?"

"ரெண்டு மில்லிமீட்டர். ரெண்டரை இருக்கலாம்."

"குடுக்கற அன்னைக்கே தெரியுமா, அப்பறமா தெரிஞ்சுதா?"

"குடுக்கறதுக்கு முன்னாடியே தெரியும்."

"நான் போன் பண்ணப்ப?"

"தெரியும் டீச்சர்."

"நான் அவசரம் இல்லன்னு சொன்னேனே," என்றார். குரலை உயர்த்தவில்லை. வகுப்பில் ஒரு பையன் ஏன் கணக்கை இப்படிப் போட்டான் என்று புரியாமல் கேட்பதுபோல் இருந்தது. பெங்களூர்க்காரர்கள் பார்க்க வேண்டும் என்றுதான் என்று சொன்னேன். அதைச் சொல்வதுதான் எல்லாவற்றையும்விடக் கஷ்டமாக இருந்தது.

அக்கா கீரையை அப்படியே வைத்துவிட்டு எழுந்து உள்ளே போனார். உள்ளே குழாய் திறக்கும் சத்தம் கேட்டது. வெகுநேரம் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது.

டீச்சர் தன் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு பேசினார். "கை போனது ஒரு பக்கம். நாலு மாசமா அந்த வளைவ மனசுல ஓட்டி ஓட்டிப் பாத்துட்டு இருக்கேன். எங்க பிரேக் புடிச்சேன், எங்க பாத்தேன், எங்க தப்பு பண்ணேன்னு. அக்காகிட்ட, ஸ்கூல்ல, குரூப்ல, எல்லார்கிட்டயும் என் தப்புன்னு சொல்லியிருக்கேன். நீங்க இங்க உக்காந்து டீ குடிச்சிட்டு அதக் கேட்டீங்க."

"ஆமா டீச்சர்."

"நான் யார்கிட்டயும் மாத்திச் சொல்ல மாட்டேன். நீங்க போய்ச் சொல்லுங்க. ஒவ்வொருத்தர்கிட்டயும்."

கிளம்பும்போது மன்னிப்புக் கேட்டேன். "இப்ப வேணாம்," என்றார்.

மறுநாள் காலை குழு சவுக்குத் தோப்பில் ஓட்டி முடித்துவிட்டு வழக்கமாக நிற்கும் டீக்கடைக்கு ஸ்கூட்டரில் போனேன். பத்துப் பதினைந்து பேர் இருந்தார்கள். என்னைக் கண்டதும் அண்ணாச்சி கையைத் தூக்கி, எனக்கும் ஒரு டீ சொன்னார். நான் சொல்லத் தொடங்கியதும் முதலில் யாருக்கும் புரியவில்லை. டீச்சருக்காகப் பழியை நான் ஏற்றுக்கொள்ள வந்திருக்கிறேன் என்று நினைத்து ஒருவர் என் தோளைத் தட்டினார். இல்லை, தெரிந்தே கொடுத்தேன் என்று மறுபடி சொல்ல வேண்டியிருந்தது. டீக்கடைக்காரர் டீயை நீட்டியபடி நின்றார்.

அண்ணாச்சிதான் கேட்டார். "அப்ப எங்கிட்ட வந்து வீலைக் கழட்டிட்டுப் போனது?"

"அதுவும் அதே கம்பிதான் அண்ணாச்சி."

அவருடைய பெரிய குரல் இறங்கிப்போயிருந்தது. "நான் அதுல போயிட்டு வந்திருக்கேன். வந்து உங்களப் பத்தி ஊரெல்லாம் பெருமையா வேற பேசியிருக்கேன். டீச்சர் வேகமாப் போறாங்கன்னு அன்னைக்கு நானும் நாலு பேரோட சேந்து பேசினேன்." அவர் ஹெல்மெட்டை எடுத்துக்கொண்டு எழுந்தார். "அவங்க முகத்துல நான் எப்படி முழிப்பேன்?"

என்னை அடித்திருந்தால் தேவலை. அதற்கப்புறம் அவர் என்னோடு பேசவில்லை. ஆனால் அன்று பத்து மணிக்கே அவரும் இன்னும் மூன்று பேரும் நேராகச் சாந்தோமுக்குப் போய் டீச்சரைப் பார்த்திருக்கிறார்கள். இதை ரொம்ப நாள் கழித்து வேறொருவர் சொல்லித் தெரிந்துகொண்டேன். குழுவில் பாதிப் பேர், நான் முன்பு கட்டிக் கொடுத்த தங்கள் சக்கரங்களை வேறு இடத்தில் காட்டிச் சரிபார்த்தார்கள். அது நியாயம்தான். வேறு எதுவும் தவறாக இல்லை என்று வந்தது. இருந்தும் அவர்கள் திரும்பி வரவில்லை, நானும் எதிர்பார்க்கவில்லை. வீட்டில் மனைவியிடம் அன்றுதான் சொன்னேன். மார்க்கெட்டில் தக்காளி வாங்கி வந்த நாளிலிருந்து தன்னிடம் மறைத்திருக்கிறேன் என்பதுதான் அவளுக்கு ஆறவில்லை. சில வாரம் வீட்டில் தேவைக்கு மட்டும்தான் பேச்சு.

டீச்சர் ஒரு வாரம் கழித்து வந்தார். அக்காவும் கூட வந்து வெளியே ஆட்டோவிலேயே உட்கார்ந்திருந்தார். சைக்கிளைக் கொடுக்க வேண்டாம், தனக்கே வேண்டும் என்றார் டீச்சர். ஆனால் இரண்டு சக்கரத்தையும் கழற்றித் தரச் சொன்னார். கோவையில் ஒருவரிடம் புதிதாகக் கட்டக் கொடுக்கப் போகிறாராம். பின்சக்கரத்தில் குறை இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன், சொல்லவில்லை. ஹப், ரிம் அளவுகளை எழுதிக் கேட்டார். எழுதிக் கொடுத்தேன். ஒரு முறை படித்துப் பார்த்து, ஒரு எண்ணைக் காட்டி, இதை இன்னொரு தரம் அளந்து சொல்லுங்கள் என்றார். அளந்தேன். சரியாகத்தான் இருந்தது. என் முன்னாலேயே அதன் பக்கத்தில் ஒரு டிக் போட்டுக்கொண்டார்.

அவர் மறுபடி ஓட்டத் தொடங்கிவிட்டார் என்று தெரியும். தோப்புக்குப் போகிறார். அடுத்த வருஷம் குவார்ட்டர்லி லீவில் கோத்தகிரிக்கே போனார், அதே வளைவில் இறங்கினார், அண்ணாச்சி கீழே நின்று வீடியோ எடுத்தார் என்று கேள்விப்பட்டேன். வீடியோவை நான் பார்க்கவில்லை. என்னை யாரும் அந்த வாட்ஸ்ஆப்பிலிருந்து நீக்கவில்லை. நானாக விலகிவிட்டேன்.

இப்போதும் சைக்கிள் கட்டுகிறேன். முன்புபோல் நிறைய இல்லை. வருகிறவர்களிடம் நாள் சொல்வதில்லை. முடிந்ததும் கூப்பிடுகிறேன் என்று மட்டும் சொல்கிறேன். சிலருக்கு அது பிடிப்பதில்லை, போய்விடுகிறார்கள்.

போன மாதம் ஒரு காலை, எல்.பி. ரோடு சிக்னலில் ஸ்கூட்டரில் நின்றிருந்தேன். பக்கத்தில் லேடீஸ் சைக்கிளில் டீச்சர் வந்து நின்றார், தோளில் பை. முதலில் அவர்தான் பார்த்தார்.

"வேல இருக்கா?" என்று கேட்டார்.

"இருக்கு டீச்சர்."

"கை எப்படி இருக்குன்னு கேக்க மாட்டீங்களா?"

"எப்படி இருக்கு?"

"இவ்ளோதான் வரும்னுட்டாங்க," என்று தூக்கிக் காட்டினார். மணிக்கட்டு பாதிக்கு மேல் நிமிரவில்லை. உள்ளங்கை கீழ்நோக்கியே இருந்தது.

பச்சை விழுந்தது. அவர் வலது பக்கம் திரும்ப வேண்டும். கையை நீட்டினார். நீட்டிய கை தொங்கினாற்போல் இருந்ததால், பின்னால் வந்த பஸ்காரருக்கு அது சிக்னலாகவே தெரியவில்லை. ஹாரனை அழுத்திக்கொண்டு ஒட்டி வந்தார். நான் நேராகப் போக வேண்டியவன். இண்டிகேட்டரைப் போட்டு, கையையும் நன்றாக நீட்டி, ஸ்கூட்டரை அவருக்குப் பின்னால் குறுக்கே கொண்டுவந்தேன். பஸ் நின்றது. டிரைவர் தலையை வெளியே நீட்டி என்னைத் திட்டினார். டீச்சர் வலது பக்க ரோட்டில் திரும்பி, பெடலை அழுத்திப் போய்க்கொண்டிருந்தார். பின்னால் நடந்தது அவருக்குத் தெரிந்ததா என்று தெரியவில்லை. அவர் திரும்பிப் பார்க்கவில்லை.

நானும் அவர் பின்னாலேயே வலது பக்கம் திரும்ப வேண்டியதாயிற்று. எனக்கு வேண்டாத அந்த ரோட்டிலேயே கொஞ்ச தூரம் போய், ஒரு இடைவெளி பார்த்துத் திரும்பி, மறுபடியும் சிக்னலுக்கு வந்து நின்றேன்.